ஜப்பானில் 12 நாள்: பத்துக் கலையா, மூன்று கலையா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஏப்ரலில் நீங்களும் உங்கள் மனைவியும் 12 நாள் ஜப்பான் போகிறீர்கள். தேநீர்ச் சடங்கு, பூ அலங்காரம், கிண்ட்சுகி, கிமோனோ, வாள் பயிற்சி, ஜென் தியானம், காகிதம் செய்வது, கெய்ஷா பார்ப்பது என்று ஒரு பெரிய பட்டியல் கையில் இருக்கிறது. நாளைக்கு ஒன்றாக முடித்துவிடலாமா, எதை எந்த ஊரில் செய்வது, இரண்டு பேரும் சைவம் என்பதால் சாப்பாட்டுக்கு என்ன வழி? இவைதான் கேள்விகள்.

கியோட்டோவில் ஏழு வருஷம் இருந்தேன். அதில் ஐந்து வருஷம், வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு தேநீர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்: பட்டியலை மூன்றாகக் குறையுங்கள். ஒரு தேநீர், ஒரு மேடைக் கலை, ஒரு கைத்தொழில். நான்காவதாக ஒன்று வேண்டுமென்றால் ஒரு கோயிலில் ஒரு ராத்திரி. அவ்வளவு போதும்.

காரணம் இருக்கிறது. இந்தக் கலைகளில் பல, செய்கிறவர் ஒருவர், ஏற்றுக்கொள்கிறவர் ஒருவர் என்று இரண்டு பேருக்காக உருவானவை. ஏற்றுக்கொள்கிறவருக்கும் அதில் வேலை உண்டு, அதற்கும் பயிற்சி உண்டு. எங்கள் வகுப்பில் பாதி நேரம் தேநீர் தயாரிக்கப் பழகினோம், மீதி நேரம் விருந்தாளியாக உட்காரப் பழகினோம். எப்போது வணங்குவது, எப்போது பேசுவது, கிண்ணத்தை எப்படிப் பார்ப்பது என்று அதற்கும் திருத்தம் வரும். நீங்கள் 12 நாளில் தேநீர் போடவோ பூ வைக்கவோ கற்றுக்கொண்டுவிட முடியாது. நல்ல விருந்தாளியாக இருக்கக் கற்றுக்கொள்ள முடியும். அதற்குக் கொஞ்சம் முன்தயாரிப்பும் அவசரமில்லாத நாளும் வேண்டும். காலையில் தேநீர், மத்தியானம் கிமோனோ, சாயங்காலம் வாள் என்று ஓடினால் மூன்றுமே படம் எடுப்பதோடு முடிந்துவிடும்.

தேநீரை முதலில் வைக்கச் சொல்வது எனக்குப் பிடித்தது என்பதால் மட்டும் இல்லை. மற்றதெல்லாம் அந்த ஒரு சின்ன அறைக்குள் வந்துவிடுகிறது. சுவர் மாடத்தில் தொங்கும் எழுத்தோவியம், அதன் கீழே ஒரே ஒரு பூ, மண் கிண்ணம், மூங்கில் வேலை, அரக்குப் பூசிய சிமிழ், இரும்புக் கெண்டி, நெருப்பில் போடும் வாசனைக் கட்டை, தோட்டம், இனிப்பு எல்லாம் அங்கே இருக்கும். ஒரு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால் பத்துக் கலை உங்கள் கண் முன்னால் வேலை செய்வதைப் பார்க்கலாம்.

இன்றைய வடிவத்துக்குப் பெரும்பங்கு சென் நோ ரிக்யூவுடையது. 1522-இல் சகாய் என்ற வியாபாரத் துறைமுகத்தில் பிறந்தவர். அந்தக் காலத்துப் பெரிய போர்த்தலைவர்களான நொபுனாகாவிடமும் பிறகு ஹிதேயோஷியிடமும் தேநீர் ஆசானாக இருந்தார். 1591-இல் அதே ஹிதேயோஷியின் உத்தரவால் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிரை விட்டார். அவருடைய பேரன் சோதானின் மூன்று பிள்ளைகளிடமிருந்து வந்தவைதான் கியோட்டோவில் இன்றும் இருக்கும் உராசென்கே, ஒமோதெசென்கே, முஷாகோஜிசென்கே என்ற மூன்று தேநீர்ப் பரம்பரைகள். ரிக்யூவின் கைவேலை என்று சொல்லப்படும் தேநீர் அறை தாய்-ஆன், கியோட்டோவுக்குப் பக்கத்தில் யமசாகியில் மியோகி-ஆன் கோயிலுக்குள் இருக்கிறது. இரண்டே இரண்டு பாய் விரிக்கும் அளவுதான். ஜப்பானின் தேசியச் செல்வங்களில் ஒன்று. முன்பதிவு செய்தால்தான் பார்க்க முடியும். கிடைக்காவிட்டால் அதே ஊரில் ஓயமசாகி வரலாற்று அருங்காட்சியகத்தில் அதன் முழு அளவு மாதிரி இருக்கிறது. அதைப் பாருங்கள்.

இந்த அறைகளுக்குள் நுழையும் வாசல் சுமார் 66 செ.மீ. உயரம், 63 செ.மீ. அகலம்தான். முட்டி போட்டுத் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். போர்வீரனும் வாளை வெளியே மாட்டிவிட்டுத் தலையைக் குனிந்துதான் வந்தான். உள்ளே போனதும் கண்ணுக்கு முன்னால் காதுதான் வேலை செய்யத் தொடங்கும். கெண்டியின் அடியில் சின்ன இரும்புத் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் சூடேறும்போது அதிலிருந்து ஒரு மெல்லிய இரைச்சல் வரும். அதற்குப் பெயர் மாட்சுகாசே, பைன் மரத்துக் காற்று. சடங்கின் முடிவில் ஒரு அகப்பை குளிர்ந்த தண்ணீரைக் கெண்டியில் ஊற்றுவார்கள். அந்த நொடியில் இரைச்சல் நின்றுவிடும். அறை அவ்வளவு நேரமும் சத்தத்தோடு இருந்தது என்பதே அப்போதுதான் உறைக்கும்.

என் சென்செய் (ஆசிரியர்) எழுபதைத் தாண்டியவர். மூன்றாவது மாதம் என்று நினைக்கிறேன், ஒருநாள் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். இரண்டு முறை கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். "எது வெந்நீர்?" என்று கேட்டார். முதலாவது மெத்தென்று, கொஞ்சம் அடங்கிய குரலில் விழுந்தது. இரண்டாவது கண்ணாடி மாதிரி நறுக்கென்று விழுந்தது. முதலாவது என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அதுவரை மூன்று மாதமும் பட்டுத்துணியை மடிப்பது, கரண்டியைத் துடைப்பது, பாயின் விளிம்பை மிதிக்காமல் நடப்பது இவைதான் பாடம். தேநீர்த் தூளை என் கையில் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

சரி, உங்களுக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே போனதும் முதல் இடத்தில் உட்காராதீர்கள். அது தலைமை விருந்தாளியின் இடம். எல்லோர் சார்பிலும் கேள்வி கேட்பதும் நன்றி சொல்வதும் அவர் பொறுப்பு. கடைசி இடமும் வேண்டாம், பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கும் வேலை அங்கே வந்து சேரும். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்யலாம்.

இனிப்பு முதலில் வரும். தேநீர் வருவதற்குள் அதை முழுக்கச் சாப்பிட்டுவிட வேண்டும், அந்தக் கசப்புக்கு நாக்கைத் தயார் செய்வது அதுதான். பெரும்பாலும் பயறும் சர்க்கரையும் அரிசி மாவும்தான், உங்களுக்குப் பிரச்சினை இருக்காது. கிண்ணம் வந்ததும் அடுத்து இருப்பவரிடம் "ஒசாகி நி" (உங்களுக்கு முன்னால் குடிக்கிறேன்) என்று சொல்லிச் சற்றுக் குனியுங்கள். பிறகு தேநீர் போட்டவரை நோக்கி "ஒதெமாயே சோதாய் இதாஷிமாஸ்" (நீங்கள் போட்ட தேநீரைப் பெற்றுக்கொள்கிறேன்) என்று சொல்லுங்கள். கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் கடிகார முள் போகும் திசையில் இரண்டு முறை திருப்புங்கள். கிண்ணத்தின் மிக அழகான பக்கத்தை உங்களைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள், அந்தப் பக்கத்தில் வாய் வைக்காமல் இருப்பதற்காகத்தான் இந்தத் திருப்பல். மூன்று மடக்கில் குடித்து, கடைசி மடக்கைச் சத்தம் கேட்கும்படி உறிஞ்சுங்கள். நம் வீட்டில் திட்டு விழும் காரியம், அங்கே குடித்து முடித்ததற்கு அடையாளம். அப்புறம் கிண்ணத்தைக் கீழே வைத்து, குனிந்து, தரையோடு ஒட்டிய உயரத்திலேயே இரண்டு கையாலும் எடுத்துப் பாருங்கள். அடியில் குயவரின் முத்திரை இருக்கலாம். இந்தப் பார்ப்பதும் சடங்கில் சேர்த்திதான், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

கால் மரத்துப்போகும் என்று பயப்படாதீர்கள். நாற்காலி, மேசையில் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. 1872-இல் கியோட்டோவில் பொருட்காட்சி நடந்தபோது, வெளிநாட்டு விருந்தினருக்காக உராசென்கேயின் 11-ஆம் தலைவர் கென்கென்சாய் அமைத்த முறை அது. 150 வருஷத்துக்கு மேல் பழையது, குறைந்த மரியாதை கிடையாது. ரியூரெய் என்று கேட்டு முன்பதிவு செய்யலாம்.

எங்கே குடிப்பது? கியோட்டோவுக்குப் பக்கத்தில் உஜி ஊரில் ஆற்றங்கரையில், ப்யோதோ-இன் கோயிலுக்குப் பக்கத்தில், நகராட்சியே நடத்தும் தைஹோ-ஆன் என்ற தேநீர் வீடு இருக்கிறது. உள்ளூர் ஆசிரியர்கள் முறையாகப் போட்டுக் கொடுப்பார்கள், விலையும் குறைவு. டோக்கியோ என்றால் ஹமாரிக்யூ தோட்டத்தில் குளத்துக்கு நடுவே இருக்கும் நகாஜிமா தேநீர் வீடு. அங்கே தேநீரும் இனிப்பும் மட்டும்தான், முழுச் சடங்கு இல்லை. முதல்நாள் பழகிக்கொள்ள அது நல்ல இடம். ஏப்ரலில் போவதால் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அறையின் தரையில் வெட்டிய குழியடுப்பில் கெண்டி இருக்கும், விருந்தாளிக்குப் பக்கத்தில். மே பிறந்ததும் குழியை மூடிவிட்டு, விருந்தாளிக்குச் சூடு படாதபடி தள்ளி வைத்த அடுப்புக்கு மாறிவிடுவார்கள். நீங்கள் பார்ப்பது அந்தக் குழியடுப்பின் கடைசி மாதம். தேநீர்க்காரர்களுக்கு அது ஒரு பிரிவு மாதிரி.

நம்மூர்த் தொடர்பு ஒன்றும் அந்த அறைக்குள் உண்டு. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து போன சாயத்துணிகளை ஜப்பானில் சராசா என்று அழைத்தார்கள். தேநீர்ப் பிரியர்கள் பழைய சராசாத் துண்டுகளைத் தங்கள் பாத்திரங்களுக்குப் பையாகவும் உறையாகவும் தைத்துப் போற்றினார்கள். கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றுக்குப் பெயரே சாந்தோமே. சாந்தோம்தான். மயிலாப்பூர்க் கடற்கரையின் போர்த்துகீசியப் பெயர் கப்பல் ஏறி, துணியின் பெயராக அங்கே தங்கிவிட்டது. அருங்காட்சியகத்தில் தேநீர்ப் பாத்திரங்கள் இருந்தால் அவற்றின் துணிப்பைகளையும் பாருங்கள்.

அடுத்து மேடை. முகமூடி நாடகமான நோஹ், ஒப்பனையும் ஆரவாரமும் நிறைந்த கபுக்கி, பொம்மலாட்டமான புன்ராக்கு மூன்றில் முதல்முறை போகிறவர்களுக்கு நான் புன்ராக்குவைச் சொல்வேன். ஒசாகாவில் 1984-இல் திறந்த தேசியப் புன்ராக்கு அரங்கம் இருக்கிறது, வழக்கமாக ஏப்ரலில் நிகழ்ச்சி இருக்கும். ஒரு பொம்மையை மூன்று பேர் இயக்குகிறார்கள். தலையும் வலக்கையும் மூத்தவருக்கு, இடக்கை ஒருவருக்கு, கால் ஒருவருக்கு. "காலுக்குப் பத்து வருஷம், இடக்கைக்குப் பத்து வருஷம்" என்று அந்தத் தொழிலில் சொல்வார்கள். மூத்தவர் முகம் திறந்திருக்கும், மற்ற இருவரும் கறுப்புத் துணிக்குள். பத்து நிமிஷம் மூன்று ஆட்களையும் பார்ப்பீர்கள். அதற்குப் பிறகு பொம்மை மட்டும்தான் தெரியும். மேடையின் வலது ஓரத்தையும் விட்டுவிடாதீர்கள். எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே ஆள் குரல் கொடுப்பார், பக்கத்தில் ஷமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பவர். தொடங்குமுன் அந்தப் பாடகர் தன் ஏட்டை இரண்டு கையாலும் நெற்றிக்கு உயர்த்தி வணங்குவார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. புத்தகத்தைத் தொட்டுக் கும்பிடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நோஹ் மெதுவானது. சேயாமி (சுமார் 1363–1443) அமைத்துக் கொடுத்த வடிவம் இன்றும் ஐந்து பரம்பரைகளில் நடக்கிறது. முகமூடியை லேசாகக் கீழே சாய்த்தால் முகம் வாடும், நிமிர்த்தினால் மலரும். மரம் ஒன்றுதான், வெளிச்சம்தான் மாறுகிறது. டோக்கியோவில் செந்தாகாயாவில் இருக்கும் தேசிய நோஹ் அரங்கில் முன் இருக்கையின் முதுகில் ஆங்கில வசனம் வரும். தூக்கம் வந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கண்ணை மூடுவதுண்டு. கபுக்கி பார்க்க டோக்கியோவிலேயே கின்சாவில் கபுக்கிசா அரங்கம். முழு நாடகத்துக்கு நேரமில்லை என்றால் ஒரு அங்கத்துக்கு மட்டும் குறைந்த விலையில் டிக்கெட் கிடைக்கும்.

கெய்ஷா என்ற ஆடல்பாடல் கலைஞர்களைப் பார்க்க கியோட்டோவின் கியோன் சந்துகளில் காத்திருக்காதீர்கள். வேலைக்குப் போகும் பெண்களைத் துரத்திப் படம் எடுத்து அந்தத் தெரு மிகவும் புண்பட்டிருக்கிறது. தனியார் சந்துகளில் வெளியார் நுழையத் தடைப் பலகையே வைத்துவிட்டார்கள். உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது. மியாகோ ஓதோரி என்ற நடன நிகழ்ச்சி ஏப்ரல் மாதம் முழுக்க கியோனில் நடக்கும். தேநீருக்கு நாற்காலி முறை வந்த அதே 1872 பொருட்காட்சியில் பிறந்ததுதான் இதுவும். டிக்கெட் வாங்கி, அவர்கள் கலைஞர்களாக நிற்கும் இடத்தில் அவர்களைப் பாருங்கள்.

இனிக் கைத்தொழில். உங்கள் பட்டியலில் கிண்ட்சுகி இருக்கிறது, உடைந்த பீங்கானைப் பொன்னால் ஒட்டுவது. இதில் ஒளிக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உண்மையான கிண்ட்சுகி உருஷி என்ற மரப்பாலால் செய்வது. ஒட்டுவது, இடைவெளியை நிரப்புவது, தேய்ப்பது, மேலே பூசுவது, பொன்தூள் தூவுவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் காய நேரம் வேண்டும், எல்லாம் சேர்ந்து மாதக்கணக்காகும். அது காய்வதற்கு ஈரம் வேண்டும் என்பதுதான் வேடிக்கை. ஈரப்பதம் வைத்த மரப்பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும். ஒரு மரத்தைப் பத்துப் பதினைந்து வருஷம் வளர்த்து, ஒரு பருவம் முழுக்கக் கீறினால் கிடைப்பது ஏறக்குறைய 200 கிராம் பால். உருஷி மரம் மா, முந்திரி, சேராங்கொட்டை குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் என்ன ஆகும் என்று நம்மூரில் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பச்சை உருஷியும் அப்படித்தான் கொப்புளிக்க வைக்கும். ஆக, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக் கையில் கொடுக்கும் வகுப்புகளில் பெரும்பாலும் செயற்கைப் பசையும் பித்தளைத் தூளும்தான் இருக்கும். மோசடி என்று சொல்ல மாட்டேன், பலர் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கிண்ணத்தில் சாப்பிடக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஒரே நாளில் உண்மையான வேலையைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் காகிதத்தைச் சொல்வேன். கியோட்டோவிலிருந்து வடக்கே ஃபுகுய் மாகாணத்தில் எச்சிசென் என்ற ஊர். 2024 மார்ச்சிலிருந்து புல்லட் ரயிலும் அங்கே நிற்கிறது. காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்த தேவதை ஒருத்தி ஆற்றின் மேல்புறத்திலிருந்து வந்தாள் என்று நம்பி, அவளுக்குக் கோயில் கட்டி வைத்திருக்கும் ஊர் அது. கைவினைஞர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம், பக்கத்திலேயே நீங்களும் ஒரு தாள் எடுக்கலாம்.

கோசோ மரப்பட்டையை வேகவைத்து, அழுக்கைத் தண்ணீருக்குள் விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அடித்து நாராக்கித் தொட்டியில் கலப்பார்கள். கூடவே ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த வழவழப்பான சாறு. அந்தச் செடி வெண்டைக்கு நெருங்கிய உறவு. தொட்டிக்குள் கைவிட்டதும் எனக்கு அம்மா வெண்டைக்காய் நறுக்கும் பலகை நினைவுக்கு வந்தது, அதே கொழகொழப்பு. அந்தச் சாறுதான் நாரை அடியில் படியவிடாமல் மிதக்க வைக்கிறது. தண்ணீர் மெதுவாக வடிவதால், மூங்கில் சல்லடையை முன்னும் பின்னும் ஆட்டி நாரைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்ன நேரம் கிடைக்கிறது. வெயில் காலத்தில் கொழகொழப்பு சீக்கிரம் போய்விடும், அதனால்தான் நல்ல காகிதம் பனிக்காலத்துக் குளிர்ந்த தண்ணீரில் பிறக்கிறது. தொட்டிக்கு முன்னால் நின்றிருந்த அம்மாவின் விரல்கள் சிவந்து தடித்திருந்தன. பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர், அவ்வப்போது கையை நனைத்துக்கொள்ள. நான் எடுத்த தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், ஒரு மூலை மெலிந்து ஓட்டையாக இருந்தது. அவருடைய தாள் எங்கே பார்த்தாலும் ஒரே பால்நிறம்.

சாப்பாட்டுக் கேள்விக்கும் கோயில் தங்கலுக்கும் ஒரே பதில்: கோயாசான். 816-இல் கூக்காய் என்ற துறவிக்குக் கிடைத்த மலை. தங்க இடம் கொடுக்கும் கோயில்கள் அங்கே சுமார் 50 இருக்கின்றன. பரிமாறுவது ஷோஜின் உணவு, மீன், இறைச்சி மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவில் கிளறிய கோமாதோஃபு அவசியம் கிடைக்கும். மலையை விட்டு இறங்கினால்தான் கவனம் வேண்டும். காய்கறி மட்டும் போட்ட சூப்பாகத் தெரிந்தாலும் அடிச்சாறு பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் காய்ச்சியதாக இருக்கும். "கட்சுஓ-தாஷியும் வேண்டாம், கொம்பு-தாஷி இருந்தால் போதும்" என்று ஜப்பானியத்தில் ஒரு சீட்டு எழுதி வைத்துக் காட்டுங்கள். கட்சுஓ என்பது அந்த மீன், தாஷி என்பது அடிச்சாறு, கொம்பு என்பது கடற்பாசி.

காலையில் அங்கே சில கோயில்களில் கோமா என்று ஒரு வழிபாடு நடக்கும். எள்ளுக்கும் கோமா என்றுதான் பெயர், ஆனால் இது வேறு சொல், நம்முடைய ஹோமம். அக்கினி குண்டத்துக்கு முன்னால் துறவி உட்கார்ந்து, மந்திரம் சொல்லிச் சமித்து போடுவார், முரசு அதிரும். கல்லறைக் கற்களில் இந்தியாவிலிருந்து போன சித்தம் எழுத்துகள் செதுக்கியிருக்கும். ஓகுனோ-இன் கல்லறைப் பாதை சுமார் 2 கி.மீ., பெரிய தேவதாரு மரங்களுக்கு நடுவே. இருட்டுவதற்கு முன் ஒரு முறை, விடியலில் ஒரு முறை நடங்கள்.

எழுத்துக் கலை ஆசை இருந்தால் தனி வகுப்புக்குப் போவதை விட நாராவில் யகுஷிஜி கோயிலுக்குப் போய் சூத்திரம் எழுதுங்கள். இதய சூத்திரத்தின் எழுத்துகள் தாளுக்கு அடியில் மங்கலாகத் தெரியும், மேலே தூரிகையால் எழுதிக்கொண்டே போகலாம், ஜப்பானியம் தெரிய வேண்டாம். 1968-இல் தகாதா கோயின் என்ற தலைமைத் துறவி, இப்படி மக்கள் எழுதிக் காணிக்கையோடு கொடுக்கும் பிரதிகளைக் கொண்டே, எரிந்துபோன பொன்மண்டபத்தைத் திரும்பக் கட்ட நிதி திரட்டத் தொடங்கினார். 1976-இல் கட்டி முடித்தார்கள். நீங்கள் எழுதியதும் கோயிலிலேயே இருக்கும்.

கிமோனோ வாடகைக்குக் கட்டிக்கொள்வதில் தவறே இல்லை, உள்ளூர்ப் பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள். இடப்பக்கம் மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. வாள் பயிற்சியை விட்டுவிடலாம். பூ அலங்காரத்துக்கு கியோட்டோவில் ரொக்காகுதோ கோயிலை எட்டிப் பாருங்கள், இகெனோபோ பரம்பரையின் தாய்வீடு.

இப்போதே செய்ய வேண்டியவை: மியாகோ ஓதோரி, புன்ராக்கு டிக்கெட், கோயாசான் அறை. ஏப்ரலில் கடைசி நேரத்தில் கிடைக்காது. தேநீருக்குப் போகும் நாளில் வாசனைத் திரவியம் வேண்டாம், பூவின் மணமும் புகையின் மணமும் அடிபட்டுப்போகும். மோதிரம், கடிகாரம், வளையல்களை வாசலிலேயே கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள், நானூறு வருஷத்துக் கிண்ணமாகக்கூட இருக்கலாம், ஒரு கீறல் போதும். பைக்குள் ஆளுக்கு ஒரு ஜோடி சுத்தமான வெள்ளைச் சாக்ஸ் வைத்துக்கொண்டு, பாயில் கால் வைப்பதற்குச் சற்று முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள்.